கடை முட்டையும் காணாமல் போன சேவலும்

நாமக்கல் பக்கத்து ஊர்க்காரன் என்பதால் முட்டை பற்றிய சந்தேகம் எதுவானாலும் என்னிடம்தான் வந்து விழும். விலை ஏன் திடீரென்று ஏறிவிட்டது, வெள்ளை முட்டை நல்லதா பழுப்பு முட்டை நல்லதா, பிளாஸ்டிக் முட்டை என்று வாட்ஸப்பில் வருகிறதே அது நிஜமா என்று, ஏதோ எங்கள் வீட்டில் நாலு லட்சம் கோழி நிற்பதுபோலக் கேட்பார்கள். எங்களுக்கென்று இருந்ததெல்லாம் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டு வாசலில் மேய்ந்த நாட்டுக்கோழிகள்தான். பண்ணை, பக்கத்துத் தோட்டத்தில் சித்தப்பா முறையாகும் ஒருவருடையது. கோடை விடுமுறை வந்துவிட்டால் அந்தச் சந்தேகங்களோடு இன்னொன்றும் தவறாமல் சேர்ந்துகொள்ளும். பையன் கடையில் வாங்கிய முட்டையைப் பஞ்சில் சுற்றி டேபிள் லேம்ப்புக்கு அடியில் வைத்திருக்கிறான், குஞ்சு வருமா?

வராது. அதோடு போனை வைத்துவிடலாம்தான். ஆனால் ஏன் வராது என்பதற்கு அவர்களே ஒரு காரணமும் தயாராக வைத்திருப்பார்கள். ஃப்ரிட்ஜில் வைத்ததால் உள்ளே செத்துவிட்டது, ஊசி போட்டு வளர்த்த கோழி, லாரியில் குலுங்கியே கெட்டுப்போயிருக்கும். இவை எதுவும் காரணம் இல்லை. சாவதற்கு அந்த முட்டைக்குள் எதுவும் இருந்ததே இல்லை. அதை இட்ட கோழி, பிறந்த நாளுக்குப் பிறகு ஒரு சேவலோடு சேர்ந்து வாழ்ந்ததில்லை. அவ்வளவுதான் விஷயம்.

உடனே எதிர்முனையிலிருந்து, "சேவலே இல்லாம எப்படிங்க முட்டை வரும்?"

இப்படிக் கேட்பவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வராது. முட்டை என்றால் குஞ்சு, குஞ்சு என்றால் அப்பா அம்மா என்றுதான் யாரும் யோசிப்பார்கள். கோழியின் உடம்பு அப்படி யோசிப்பதில்லை என்பதுதான் இதில் சுவாரசியம்.

பெட்டைக்கோழிக்கு இடப்பக்கச் சினைப்பை மட்டும்தான் வேலை செய்யும். அதில் மஞ்சள் கருக்கள் சிறிதும் பெரிதுமாகக் கொத்தாக இருக்கும். முட்டைக்கோழியை அறுத்துச் சுத்தம் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். குழம்பில் போட்டால் அதற்குத்தான் வீட்டில் சண்டையே நடக்கும். முற்றிய கரு ஒன்று நாளுக்கு ஒன்றாகக் கழன்று, புனல்போல விரிந்த குழாயின் வாய்க்குள் விழுகிறது. அங்கே அது இருப்பது ஏறக்குறைய கால் மணி நேரம். விந்தணு காத்திருந்தால் அந்தக் கால் மணிக்குள் கூட வேண்டும். அப்புறம் மேலே வெள்ளைக்கரு சுற்றத் தொடங்கிவிடும். அதைத் தாண்டி எதுவும் உள்ளே போக முடியாது. வெள்ளைக்கரு சேர மூன்று மணி நேரம், உள்ஓட்டுச் சவ்வுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், சுண்ணாம்பு ஓடு படிய மட்டும் இருபது மணி நேரம் வரை. எல்லாம் சேர்த்து 24 முதல் 26 மணி நேரத்தில் முட்டை வெளியே வந்துவிடுகிறது. கரு கூடியதா, கூடவில்லையா என்று வழியில் எங்கும் சோதனை கிடையாது. கூடினாலும் அதே ஓடு, கூடாவிட்டாலும் அதே ஓடு.

சரி, கருவைக் கழலச் செய்வது எது? வெளிச்சம். பகல் நீண்டால் கோழியின் மூளை அதை அறிந்து ஹார்மோனைச் சுரக்கும். பகல் குறுகினால் முட்டையும் குறையும். அதனால்தான் ராசிபுரம், நாமக்கல், மோகனூர் பக்கம் இரவு பஸ்ஸில் போகும்போது வயலுக்கு நடுவே நீளநீளமான கொட்டகைகள் விளக்கு எரிய நிற்பதைப் பார்க்கலாம். பகல் வெளிச்சத்தோடு மின்விளக்கையும் சேர்த்து நாளுக்குப் பதினாறு மணி நேரம் கணக்குப் பண்ணிக் கொடுப்பார்கள். பெட்டைக்கு முட்டையிட வேண்டியது தீவனம், தண்ணீர், வெளிச்சம், வயது. சேவல் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

சித்தப்பாவின் லேயர் கொட்டகைக்குள், அதாவது முட்டைக்கென்றே கோழி வளர்க்கும் கொட்டகைக்குள், முதல்முறை போகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், பிறகு காதை. தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேல் தூண்களில் நிற்கும் கொட்டகை; கூண்டு வரிசைக்குக் கீழே எரு மலையாகக் குவிந்திருக்கும். ஒரு கூண்டில் மூன்று நான்கு கோழிகள். கூண்டின் அடிக்கம்பி முன்பக்கமாகச் சற்றுச் சரிந்திருக்கும். கோழி முட்டையிட்டதும் அது உருண்டு வெளியே கம்பித் தொட்டியில் வந்து நிற்கும். தன் முட்டையைக் கோழி ஒருமுறை திரும்பிப் பார்க்கக்கூட நேரமிருக்காது. வரிசை நெடுக ஆட்கள் அட்டையோடு நடந்து பொறுக்குவார்கள். ஒரு அட்டைக்கு முப்பது. விரிசல் விட்டது, தோல்முட்டை எல்லாம் தனியே போகும். பத்தொன்பது இருபது வாரத்தில் முட்டையிட ஆரம்பிக்கும் கோழி, வருடத்துக்கு முந்நூறுக்கு மேல் இட்டுவிட்டு, எழுபத்திரண்டு எண்பது வாரத்தைத் தாண்டியதும் 'முட்டைக்கோழி' என்ற பெயரில் கறிக்கு எடை போடப்படும். பேப்பரில் நாமக்கல் முட்டை விலைக்குக் கீழே இன்னொரு வரியாக வருமே, அந்த முட்டைக்கோழி விலை இவற்றுக்கானதுதான்.

அடைகாக்கும் குணத்தையும் இந்தக் கோழிகளிடமிருந்து தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தே களைந்துவிட்டார்கள். வெள்ளை லெகார்ன் என்ற இனத்தின் வழிவந்த முட்டைக்கோழிக்கு அடை உட்காரத் தோன்றாது. உட்கார்ந்தால் முட்டை நின்றுபோகும், பண்ணைக்காரருக்கு நஷ்டம்.

அம்மாயி வீட்டில் நேர் எதிர். அங்கே ஒரு கோழி இருபது முட்டைக்குள் இட்டுவிட்டு, இறகை உப்பிக்கொண்டு, கிட்டப் போனால் கொர்ரென்று முனகி அடைக்கு உட்கார்ந்துவிடும். அம்மாயி கூடையில் மணலைக் கொட்டி, மேலே வைக்கோல் பரப்பி, ஒற்றைப்படையாக முட்டை எண்ணி வைப்பார். பக்கத்திலேயே ஒரு கரித்துண்டு, இரண்டு வரமிளகாய், துருப்பிடித்த ஆணி ஒன்று. இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும், அதற்குக் காவல். ஆணிக்கும் இடிக்கும் என்ன உறவு என்று கேட்டால் திட்டு விழும். ஆனால் எந்த முட்டையை வைக்கலாம் என்பதில் அம்மாயியின் கணக்கு ரொம்பச் சுத்தமானது. சித்தப்பா பண்ணையிலிருந்து கொடுத்தனுப்பும் முட்டை நேரே அடுப்படிக்குப் போகும். "சேவ மிதிக்காத முட்டைய வெச்சா, கோழி உக்காந்து எளச்சதுதான் கண்ணு மிச்சம்."

சேவல் தினமும் மிதிக்க வேண்டும் என்பதும் இல்லை. கோழியின் முட்டைக்குழாயில் விந்தணுவைச் சேமித்து வைக்கும் நுண்ணிய அறைகள் உண்டு. ஒருமுறை சேர்ந்தால் இரண்டு வாரம் வரையிலும் அந்த இருப்பிலிருந்து கரு கூடிக்கொண்டிருக்கும். முனியப்பன் கோயில் பொங்கலுக்குச் சேவல் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் கழித்து இட்ட முட்டையிலும் குஞ்சு வரும். ஊரில் இதை அதிசயமாகப் பேசுவார்கள்.

அடை வைத்த ஒரு வாரத்தில் அம்மாயி முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஓட்டுக்கூரையின் கண்ணாடி ஓட்டிலிருந்து விழும் வெயில் கற்றையில் உள்ளங்கையால் மறைத்துப் பிடித்துப் பார்ப்பார். கூடிய முட்டையில் ஒரு கறுப்புப் புள்ளியும் அதிலிருந்து கிளை பிரியும் சிவப்பு நரம்புகளும் தெரியும். கூடாதது சும்மா வெளிறிக் கிடக்கும். அது கூமுட்டை. இப்போது இதே வேலையைச் செல்போன் டார்ச்சில் செய்கிறார்கள், இன்னும் தெளிவாகவே தெரிகிறது.

அடை வைக்காத முட்டையில் வித்தியாசம் தெரியுமா என்றால், உடைத்தால் தெரியும். மஞ்சள் கருவின் மேல் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும், எல்லா முட்டையிலும். கூடாத முட்டையில் அது சிறிதாக, ஓரம் பிசிறடித்த திட்டாக இருக்கும். கூடிய முட்டையில் சற்றுப் பெரிதாக, வட்டமாக, நடுவில் தெளிந்தும் சுற்றிலும் வெண்ணிற வளையமாகவும் தெரியும். ஏனென்றால் கூடிய முட்டை வெளியே வரும்போதே தாயின் உடம்புச் சூட்டில் ஏறக்குறைய ஒரு நாள் வளர்ந்து, பல்லாயிரம் செல்களோடுதான் வருகிறது. வந்ததும் குளிர்ந்து, வளர்ச்சி நின்று, சூட்டுக்காகக் காத்திருக்கிறது. அடுத்தமுறை கடை முட்டையில் ஆம்லெட் போடும்போது அந்தப் பொட்டைப் பாருங்கள். வளையம் இருக்காது.

அதே சமயம் வேறு இரண்டைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்று, சிவப்பாக ஒரு ரத்தப் பொட்டு. அது குஞ்சு இல்லை. கரு கழலும்போது சினைப்பையில் ஒரு சிறு ரத்தக்குழாய் கசிந்த தடம். சேவலே பார்க்காத கோழியின் முட்டையிலும் வரும். இன்னொன்று, முறுக்கிய வெள்ளை நூல்போல மஞ்சள் கருவின் இரு பக்கமும் தொங்குவது. மஞ்சள் கரு ஓட்டில் முட்டாமல் நடுவில் நிற்க அதுதான் பிடிப்பு. என் தோழி ஒருத்தி அதை ஸ்பூனால் தேடித்தேடி எடுத்துப் போடுவாள், "குஞ்சோட வால்" என்று. எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டாள்.

பழுப்பு முட்டை என்றால் நாட்டுக்கோழி, நாட்டுக்கோழி என்றால் சேவலோடு வளர்ந்தது என்று நம்பி இரட்டை விலை கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது. பழுப்பு முட்டையிடும் பண்ணை இனங்களும் கூண்டில்தான் நிற்கின்றன. நிறத்துக்கும் குஞ்சுக்கும் சம்பந்தமில்லை.

இப்போது லாரிக்கு வருவோம். நாமக்கல்லில் ஒரு நாளில் கோடிக்கணக்கில் முட்டை சேர்கிறது. தமிழ்நாட்டுச் சத்துணவுக் கூடங்களுக்கும், பெருமளவில் கேரளாவுக்கும், கப்பலில் வளைகுடா நாடுகளுக்கும் போகிறது. ஏப்ரல் மே மாதத்தில் தார்ப்பாய் போட்ட லாரிக்குள் வெயில் என்ன பாடுபடுத்தும் என்று யோசியுங்கள். கூடிய முட்டை இருபது இருபத்தோரு டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் உள்ளே வளர்ச்சி நிற்கும். முப்பதைத் தாண்டினால் அரைகுறையாக வளரத் தொடங்கி, பாதியில் செத்து, ரத்த வளையம் விட்டு அழுகும். அத்தனை முட்டையும் கூடிய முட்டையாக இருந்தால் சாலக்குடி போய்ச் சேர்வதற்குள் பாதி வியாபாரம் முடிந்துவிடும். கூடாத முட்டையில் வளர எதுவும் இல்லாததால் நம் ஊர்ப் பெட்டிக்கடையில் ஃப்ரிட்ஜே இல்லாமல் அட்டையோடு நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. சேவலை வைத்துக்கொள்ளாததில் தீவனச் செலவு மிச்சம் என்பது மட்டும் லாபமில்லை. முட்டை கெடாமல் இருப்பதும்தான்.

அதனால் ஃப்ரிட்ஜைக் குற்றம் சொல்லாதீர்கள். குஞ்சுப் பொரிப்பகங்களே கூடிய முட்டையைப் பதினைந்து, பதினெட்டு டிகிரிக் குளிரில்தான் சேமிக்கின்றன. ஒரு வாரம் தாண்டினால் பொரிப்பு விகிதம் குறைய ஆரம்பிக்கும். வீட்டு ஃப்ரிட்ஜின் நாலைந்து டிகிரி அதற்கு ரொம்பக் கொடுமை. ஆனாலும் நல்ல கூடிய முட்டை சில நாள் குளிரைத் தாங்கிப் பிழைத்துக்கொள்வதும் உண்டு.

கடை முட்டை பொரிக்கவே பொரிக்காது என்று சத்தியம் செய்யவும் முடியாது. 2020 ஊரடங்கின்போது இங்கிலாந்தில் ஒரு பெண் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய வாத்து முட்டைகளை இன்குபேட்டரில் வைத்தார். வாத்துக்குஞ்சுகள் வந்துவிட்டன, படமெல்லாம் செய்தியில் வந்தது. வாத்தில் ஆண் பெண் பிரிப்பது கஷ்டம், கூண்டில் அடைக்காமல் திரியவிட்டு வளர்ப்பது வேறு. ஆண் ஒன்று கண்ணில் படாமல் மந்தைக்குள் இருந்துவிட்டால் போதும். காடை முட்டையிலும் இப்படி நடந்திருக்கிறது. நம் ஊர்ச் சந்தையில் கிராமத்துப் பாட்டி கூடையில் கொண்டுவந்து விற்கும் நாட்டுக்கோழி முட்டையும் கடையில் வாங்கியதுதானே? அது பொரிக்கும்.

இதைவிட விசித்திரம் வான்கோழியில். 1950களில் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் அரசு ஆய்வுப் பண்ணையில், ஆணே சேராத வான்கோழிகளின் முட்டைகளில் சில தாமாகவே வளரத் தொடங்கியதைக் கண்டார்கள். பெரும்பாலானவை பாதியில் நின்றுபோயின. வெகு சில, குஞ்சாகவே வெளியே வந்தன. வந்ததெல்லாம் ஆண். பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. தாயின் பாதியே இரட்டித்துக் குஞ்சானால் இரண்டு இசட்டோ இரண்டு டபிள்யூவோதான் வரும்; இரண்டு டபிள்யூ பிழைக்காது. ஆண் இல்லாமல் பிறந்தாலும் பிறப்பது ஆணாகத்தான் இருக்க முடியும்!

உயிரில்லாத முட்டை என்றால் சைவமா என்ற பஞ்சாயத்துக்கும் வயது அதிகம். ஆகா கான் மாளிகைச் சிறையில் இருந்தபோது உடல்நலம் பற்றி எழுதிய காந்தி, சேவலைச் சேர்க்காமலே கோழி முட்டையிடும், அந்த முட்டை ஒருநாளும் குஞ்சாகாது, எனவே பால் குடிக்கிறவர் அதைச் சாப்பிட மறுக்கத் தேவையில்லை என்ற கருத்தை அதில் வைத்தார். லண்டனில் மாணவராக இருந்தபோது கொஞ்ச காலம் முட்டை சாப்பிட்டு, பிறகு விட்டுவிட்டவர் அவர்; ஆனால் உயிரியலைச் சரியாகப் பிடித்திருந்தார். தமிழ்நாட்டில் 1989இல் சத்துணவில் முட்டை சேர்ந்தது; முட்டை வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழம் என்று பின்னாளில் வழி வைத்தார்கள். நல்ல ஏற்பாடு, யாரையும் விவாதத்துக்கு இழுக்காமல் சாப்பிட வைத்தது.

எனக்கு அந்தப் பஞ்சாயத்தில் ஒரு குறை உண்டு. முட்டைக்குள் உயிரில்லை என்பது சரி. கொட்டகையில் சேவல் ஏன் இல்லை என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பெட்டைகள் எல்லாம் ஏதோ ஒரு தாய்க்கோழிப் பண்ணையில், சேவலும் பெட்டையுமாக வளர்த்து, கூடிய முட்டையிலிருந்து பொரித்தவைதான். பொரிப்பகத்தில் பிறப்பதில் பாதி ஆண். பிறந்த அன்றே ஆட்கள் குஞ்சைக் கையில் எடுத்து, சிறகை விசிறிபோல் விரித்துப் பார்ப்பார்கள். அதற்கென்றே தேர்ந்த இனங்களில், பெட்டைக்கு முதல் வரிசை இறகு நீண்டு, மேல்வரிசை குட்டையாக இருக்கும். சேவலுக்கு இரண்டும் ஒரே நீளம். ஒரு நொடிதான், ஒன்று இந்தப் பெட்டிக்கு, ஒன்று அந்தப் பெட்டிக்கு. பெட்டைக்குத் தடுப்பூசி போட்டுப் பண்ணைக்கு அனுப்புவார்கள். முட்டை இனச் சேவலுக்கு வேலையில்லை. முட்டையிடாது, கறிக்கு வளர்க்கலாம் என்றால், நாற்பது நாளில் இரண்டு கிலோ ஏறும் பிராய்லர் பக்கத்திலேயே பல்லடத்தில் நிற்கும்போது இதற்குத் தீவனம் போட யாருக்கும் கட்டுபடி ஆகாது. உலகம் முழுக்க இந்தக் குஞ்சுகளை அன்றே கொன்றுவிடுவதுதான் வழக்கம். ஜெர்மனி 2022 தொடக்கத்திலிருந்து அதைத் தடை செய்தது, பிரான்ஸும் பின்னாலேயே வந்தது. அங்கே முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கிற இயந்திரங்கள் வந்துவிட்டன.

நம் ஊரில் அந்தச் சேவல் குஞ்சுகளில் ஒரு பங்கு தெருவுக்கு வருகிறது. பச்சை, ரோஸ், ஆரஞ்சு என்று சாயம் முக்கி, கூடையில் கீச்கீச்சென்று திருவிழாவிலும் பள்ளிக்கூட வாசலிலும் விற்பார்களே, அவைதான். குழந்தைகள் அடம்பிடித்து வாங்கும். இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும். விற்றவன் ஏமாற்றினான் என்று திட்டுவோம். முதல் வாரக் குஞ்சுக்கு முப்பத்திரண்டு டிகிரிக்கு மேல் சூடு இடைவிடாமல் வேண்டும். நனைந்த உடம்போடு அட்டைப்பெட்டியில் இரவெல்லாம் கிடந்தால் எப்படிப் பிழைக்கும்? கடை முட்டை பொரிக்காததற்கும் இந்தக் கலர் குஞ்சு தெருவுக்கு வருவதற்கும் காரணம் ஒன்றே: முட்டைப் பண்ணைக்குச் சேவல் தேவையில்லை.

இதனால் முட்டையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. நானே காலையில் இரண்டு சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். கணக்கு எங்கே இருக்கிறதோ அங்கே பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, பையன் விடமாட்டேன் என்கிறான் என்றால் இதைச் செய்யுங்கள். சேவல் திரியும் வீட்டில், இட்டு ஒரு வாரம் ஆகாத, கழுவாத முட்டையாகக் கேட்டு வாங்குங்கள். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் இருந்தால் நல்லது. தெர்மாகோல் பெட்டி, சூட்டைக் கட்டுப்படுத்தும் சின்ன தெர்மோஸ்டாட், ஒரு பல்பு, உள்ளே காற்றைச் சுற்றிவிடும் குட்டி ஃபேன், ஒரு கிண்ணம் தண்ணீர். சூடு 37.5 டிகிரி. டேபிள் லேம்ப் தோற்பது இங்கேதான்; ஒரு பக்கம் வேகும், மறுபக்கம் சில்லிடும். நாளுக்கு மூன்று நான்கு முறை முட்டையைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் கரு சவ்வில் ஒட்டிக்கொள்ளும். பதினெட்டாம் நாள் திருப்புவதை நிறுத்தி ஈரப்பதத்தைக் கூட்டுங்கள். இருபத்தோராம் நாள் ஓட்டில் கீறல் விடும். அரை நாளுக்கு மேலும் ஆகும். அவசரப்பட்டு ஓட்டை உரிக்கப் போகாதீர்கள், ரத்தம் வந்துவிடும்.

அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் முட்டையை வைப்பதற்கு முன்பே இன்னொன்றையும் பேசி முடித்துக்கொள்ளுங்கள். வருவதில் பாதி சேவலாக இருக்கும், விடியற்காலை நாலு மணிக்குக் கூவும். கிராமத்தில் யாராவது உறவுக்காரர் வாங்கிக்கொள்வாரா என்று முதலில் கேட்டுவிடுங்கள். நாட்டுச் சேவல் என்றால் யோசிக்காமல் சரி என்பார்கள். ஆடி மாதத்தில் அதற்குக் கிடைக்கும் விலை அப்படி.